ஹோட்டல் வரிப் பணம் எங்கே போகிறது? அமெரிக்க நகரங்களின் சுற்றுலா பட்ஜெட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஹோட்டலில் ஓர் இரவு தங்கிவிட்டுக் கிளம்பும்போது தரும் பில்லில், அறை வாடகைக்குக் கீழே வரி என்று இரண்டு மூன்று தொகைகள் போட்டிருக்கும். பலரும் மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு அட்டையை நீட்டிவிடுவார்கள். அந்தச் சின்னத் தொகைகள் சேர்ந்துதான் ஒரு நகரத்தின் மாநாட்டு மையத்தைக் கட்டுகின்றன, அருங்காட்சியகத்தை நடத்துகின்றன, ஊரைப் பற்றிய விளம்பரத்துக்குப் பணம் தருகின்றன. கவனிக்க ஆளில்லாத ஊர்களில் வீணாகவும் போகின்றன.

டெக்சாஸில் ஒரு சிறிய ஊரில், இந்தப் பணத்தை யாருக்குக் கொடுக்கலாம் என்று நகர மன்றத்துக்குப் பரிந்துரை செய்யும் குழுவில் நான்கு ஆண்டுகள் இருந்தேன். அப்போது அக்கம்பக்கத்தார் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. எனக்கு நன்றாகத் தெரிந்தது டெக்சாஸ் சட்டம் என்பதால் உதாரணங்கள் அங்கிருந்தே அதிகம் வரும்.

ஹோட்டல் வரியை யார் கட்டுகிறார்கள்? ஹோட்டல் முதலாளியா?

இல்லை, தங்குபவர்தான் கட்டுகிறார். ஹோட்டல் அதை வசூலித்து அரசிடம் ஒப்படைக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பணம் ஒரு நிமிடம்கூட ஹோட்டலுக்குச் சொந்தமில்லை.

ஹியூஸ்டனை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மொத்த ஹோட்டல் வரி 17 சதவீதம். அறை வாடகை 200 டாலர் என்றால் வரி 34 டாலர். அதில் 12 டாலர் மாநிலத்துக்கு, 14 டாலர் நகரத்துக்கு, 4 டாலர் மாவட்டத்துக்கு, இன்னொரு 4 டாலர் விளையாட்டு அரங்கங்களைக் கட்டிய ஆணையத்துக்கு. ஒரே பில், நான்கு கணக்கு. இந்தப் பக்கத்தில் நாம் பேசப்போவது பெரும்பாலும் அந்த 14 டாலரைப் பற்றி.

எல்லோரும் கட்ட வேண்டுமா?

டெக்சாஸில் தொடர்ந்து 30 நாட்களுக்குத் தங்குபவர் ஊர்வாசியைப் போலக் கருதப்படுவார். அவருக்கு வரி இல்லை. கலிஃபோர்னியாவிலும் கோடு 30 நாட்களில்தான் விழுகிறது. அரசு வேலையாக வரும் மத்திய அரசு ஊழியர்களுக்கும் வெளிநாட்டுத் தூதர்களுக்கும் டெக்சாஸில் விலக்கு உண்டு. மற்றபடி சொந்த ஊர்க்காரரே வீட்டில் தண்ணீர்க் குழாய் உடைந்து இரண்டு நாள் ஹோட்டலில் தங்கினாலும் வரி கட்டத்தான் வேண்டும்.

வசூலான பணத்தை நகரம் தன் இஷ்டப்படி செலவழிக்கலாமா?

எந்த மாநிலம் என்பதைப் பொறுத்தது. நிறையப் பேர் குழம்புவது இங்கேதான்.

கலிஃபோர்னியாவில் பெரும்பாலான நகரங்களில் இந்த வரி பொது நிதிக்குப் போகிறது. போலீஸ், தீயணைப்பு, நூலகம், பூங்கா என்று எதற்கு வேண்டுமானாலும் செலவழிக்கலாம். சுற்றுலாவுக்கு எவ்வளவு என்பது அந்தந்த நகரத்தின் முடிவு. லாஸ் ஏஞ்சலஸில் வரி 14 சதவீதம். அதில் ஒரு சதவீதப் புள்ளி சுற்றுலா விளம்பரத்துக்கும் இன்னொன்று கலைகளுக்கும் போகிறது. மீதி பொது நிதி. 'இந்தக் காரியத்துக்கு மட்டும்' என்று முடிச்சுப் போட்டு வரியை உயர்த்த நகர மன்றம் நினைத்தால் அங்கே வாக்களிக்கும் மக்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் ஆதரவு வேண்டும்.

சான் டியகோ இதில் மாட்டிக்கொண்டது. மாநாட்டு மையத்தை விரிவாக்க, வீடற்றோருக்கு உதவ, சாலைகளைச் சீராக்க என்று 2020 மார்ச்சில் ஒரு வரி உயர்வு வாக்கெடுப்புக்கு வந்தது. 65 சதவீதத்துக்கு மேல் ஆதரவு கிடைத்தும் மூன்றில் இரண்டைத் தொடவில்லை. மக்கள் கையெழுத்து வாங்கிக் கொண்டுவந்த தீர்மானத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதுமா என்று வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. கடைசியில் 2025 மே மாதம்தான் புதிய விகிதம் நடைமுறைக்கு வந்தது.

டெக்சாஸ் நேர்மாறு. மாநில வரிச் சட்டத்தின் 351-ஆவது அத்தியாயம் நகரங்களின் கையைக் கட்டி வைத்திருக்கிறது. ஹோட்டல் வரியைப் பொது நிதியில் கலக்கக் கூடாது. நகரத்தின் அன்றாட நிர்வாகத்துக்கு எடுக்கக் கூடாது. அந்தப் பணத்துக்கு வரும் வட்டிக்கும் அதே கட்டுப்பாடுதான். ஃபுளோரிடாவிலும் மாவட்டங்கள் வசூலிக்கும் சுற்றுலா வரி சட்டம் சொல்லும் காரியங்களுக்கு மட்டுமே.

என்னைக் கேட்டால் டெக்சாஸ் முறையே மேல். வெளியூர்க்காரருக்கு நம் ஊரில் ஓட்டு கிடையாது. எதிர்த்துக் கேட்க முடியாதவரிடம் வாங்கும் பணத்துக்கு ஒரு வேலி இருக்க வேண்டும்.

சரி, டெக்சாஸில் எதற்கெல்லாம் செலவழிக்கலாம்?

இரண்டு சோதனைகள். முதலாவது, அந்தச் செலவு சுற்றுலாவையும் ஊரின் ஹோட்டல், மாநாட்டுத் தொழிலையும் நேரடியாக வளர்க்க வேண்டும். இரண்டாவது, சட்டத்தில் எழுதியிருக்கும் வகைகளில் ஒன்றில் அது பொருந்த வேண்டும். மாநாட்டு மையம், பார்வையாளர் தகவல் மையம், மாநாட்டுக்கு வருபவர்களின் பதிவு வேலை, விளம்பரம், கலை நிகழ்ச்சிகள், பழைய கட்டடங்களைப் புதுப்பித்துக் காப்பது, வெளியூர்க்காரர்கள் பெரும்பான்மையாகப் பங்கேற்கும் விளையாட்டுப் போட்டிகள், சுற்றுலாப் பயணிகளுக்கான போக்குவரத்து, வழிகாட்டிப் பலகைகள் போன்றவை அந்தப் பட்டியலில் உண்டு. விளையாட்டுக்கு மாவட்ட மக்கள்தொகையை வைத்தும், கலைக்குத் தொகையை வைத்தும் வரம்பு இருக்கிறது. பெரும்பாலான நகரங்களில் கலைக்கு 15 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது.

இரண்டில் ஒன்று தேறினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. பட்டியலில் 'கலை' இருக்கிறது என்பதற்காக உள்ளூர்ப் பள்ளி நாடகத்துக்குப் பணம் கொடுத்துவிட முடியாது. அதைப் பார்க்க வருபவர்கள் பெற்றோரும் தாத்தா பாட்டியும். அவர்கள் ராத்திரி வீட்டுக்குப் போய்த் தூங்குவார்கள். ஹோட்டல் கட்டிலில் வந்து படுக்க ஓர் ஆள் வேண்டும். எங்கள் குழுவில் எந்த விண்ணப்பத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் விழும் கேள்வி அதுதான்: யார் வந்து தூங்கப் போகிறார்கள்?

பட்ஜெட்டில் வரவை எப்படி மதிப்பிடுகிறார்கள்?

நான்கு எண்கள் போதும்: ஊரில் எத்தனை அறைகள், அதில் எத்தனை சதவீதம் நிரம்புகிறது, சராசரி வாடகை, வரி விகிதம். கணக்குக்காக ஒரு கற்பனை ஊரை வைத்துக்கொள்வோம். 1,000 அறைகள், ஆண்டு முழுவதும் சராசரியாக 60 சதவீதம் நிரம்புகிறது, வாடகை 120 டாலர். ஓர் அறை ஓர் இரவுக்கு விற்றால் அது ஓர் அறை-இரவு. அப்படிப் பார்த்தால் ஆண்டுக்கு 2,19,000 அறை-இரவுகள். அறை வருமானம் 2,62,80,000 டாலர். நகரத்தின் வரி 7 சதவீதம் என்றால் 18,39,600 டாலர் வரும்.

அடுத்த வருடம் கொஞ்சம் மந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறைகள் 54 சதவீதம்தான் நிரம்புகின்றன; ஆளைப் பிடிக்க ஹோட்டல்கள் வாடகையை 110 டாலராகக் குறைக்கின்றன. இரண்டுமே பெரிய சரிவாகத் தெரியாது. ஆனால் வரி 15,17,670 டாலராக இறங்கிவிடும். மூன்றேகால் லட்சம் டாலர், அதாவது பதினேழரை சதவீதம், காணாமல் போய்விட்டது. இறங்குமுகத்தில் ஆளும் குறையும், வாடகையும் குறையும். ஒன்றை ஒன்று பெருக்கிக்கொண்டு கீழே இழுக்கும். சொத்து வரி இப்படி ஒரே வருடத்தில் சரியாது. சொத்து வரியைப் பார்த்துப் பழகிய நிதி அதிகாரி ஹோட்டல் வரியையும் அதே தைரியத்தோடு மதிப்பிட்டால் ஊர் சிக்கலில் மாட்டும்.

பணத்தை நகரமே செலவழிக்கிறதா?

சில ஊர்களில் நகர அலுவலகத்திலேயே சுற்றுலாப் பிரிவு இருக்கும். பல ஊர்களில் வணிகர் சங்கத்தோடோ தனியாக இயங்கும் சுற்றுலா அமைப்போடோ ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறார்கள். டெக்சாஸில் ஒப்பந்தம் போட்டால் நிபந்தனைகளும் வரும். அந்த அமைப்பின் ஆண்டு பட்ஜெட்டை நகர மன்றம் முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும், பணம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும், குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். சுற்றுலா வேலை பார்ப்பவரின் சம்பளத்தில் ஒரு பங்கை இந்தப் பணத்திலிருந்து கொடுக்கலாம். ஆனால் அவர் அந்த வேலைக்குச் செலவிடும் நேரத்துக்கு உரிய பங்கு மட்டும்தான்.

எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு ஏன் பணம் தர மறுக்கிறார்கள்? ஆயிரக்கணக்கில் கூட்டம் வருகிறதே?

நான் இருந்த குழுவில் அதிகம் வாக்குவாதம் நடந்தது இதில்தான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தொகைகளை மாற்றியிருக்கிறேன், நிலவரம் மாறவில்லை.

வருடாவருடம் நடக்கும் ஒரு சமையல் போட்டித் திருவிழா. நடத்துபவர்கள் அருமையான மனிதர்கள். ஒரு பைசா வாங்காமல் உழைப்பவர்கள். 20,000 டாலர் கேட்டு விண்ணப்பம் வந்தது. 'எத்தனை பேர் வருவார்கள்' என்ற கட்டத்தில் 5,000 என்று எழுதியிருந்தார்கள். 'எத்தனை அறை-இரவுகள்' என்ற கட்டம் காலி. எங்களில் ஒருவர் ஊரிலிருந்த ஹோட்டல்களுக்கெல்லாம் போன் போட்டு, முந்தைய வருடம் அந்த வார இறுதியில் திருவிழா பெயரைச் சொல்லி எத்தனை அறை போனது என்று கேட்டார். எல்லாம் கூட்டினால் 38.

அறைக்கு 120 டாலர், 7 சதவீதம் என்றால் ஓர் அறை-இரவுக்கு நகரத்துக்கு வருவது 8 டாலர் 40 சென்ட். 38 அறை-இரவுக்கு 319 டாலர். கொடுக்கச் சொல்வது 20,000.

அதே மாதம் இன்னொரு விண்ணப்பம். சிறுமிகளுக்கான சாஃப்ட்பால் போட்டி. 40 அணிகள், எல்லாம் வெளியூர். அணிக்குப் பன்னிரண்டு குடும்பம், இரண்டு இரவு. 960 அறை-இரவுகள். வரி மட்டும் 8,064 டாலர். ஹோட்டல்களின் வாடகை வருமானம் 1,15,200 டாலர். அதுபோக அந்தக் குடும்பங்கள் மூன்று வேளை வெளியில்தான் சாப்பிட வேண்டும், பெட்ரோல் போட வேண்டும். கேட்டது 12,000 டாலர். அந்தப் போட்டியைப் பற்றி உள்ளூரில் பத்துப் பேருக்குக்கூடத் தெரியாது. ஆனால் ஹோட்டல் வரி யாருக்காக இருக்கிறதோ அவர்களைக் கூட்டிவந்தது அதுதான்.

திருவிழா வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஊருக்குத் திருவிழா வேண்டும். அதற்குப் பொது நிதியிலிருந்து கொடுக்கலாம், கடைக்காரர்களிடம் நன்கொடை வாங்கலாம். அல்லது ஹோட்டல் வரியிலிருந்தே, வெளியூர்ப் பத்திரிகைகளில் போடும் விளம்பரச் செலவை மட்டும் கொடுக்கலாம். நாங்கள் கடைசியில் அப்படித்தான் பரிந்துரைத்தோம். அதோடு ஹோட்டல்களில் திருவிழாவுக்கென்று ஒரு சலுகைக் குறியீடு வைக்கச் சொன்னோம். அந்தக் குறியீட்டைச் சொல்லி அறை எடுப்பவர்களை எண்ணிவிடலாம். அடுத்த வருடம் யாரும் ஊகிக்க வேண்டியதில்லை.

விளம்பரத்தைப் பார்த்துத்தான் வந்தார்கள் என்பதை எப்படி நிரூபிப்பது?

முழுமையாக முடியாது. ஹோட்டல் கணக்கை எண்ணலாம், கருத்துக்கணிப்பு எடுக்கலாம், கைபேசி இருப்பிடத் தரவை விலைக்கு வாங்கலாம். எதுவுமே 'எப்படியும் வந்திருப்பார்' என்பவரைத் துல்லியமாகப் பிரித்துக் காட்டாது.

சுற்றுலாத் துறையினர் கொலராடோவைத்தான் காட்டுவார்கள். 1993-இல் அந்த மாநிலத்தின் சுற்றுலா விளம்பரத்துக்கான வரியை வாக்காளர்கள் நீட்டிக்க மறுத்தார்கள், விளம்பரம் நின்றது. அதன்பின் உல்லாசப் பயணச் சந்தையில் கொலராடோவின் பங்கு பெருமளவு சரிந்தது என்று ஓர் ஆய்வு சொன்னது. 2000-இல் மாநிலம் மீண்டும் சுற்றுலா அலுவலகம் திறந்தது. விளம்பரத்துக்குப் பலன் உண்டு என்பதை நான் நம்புகிறேன். ஆனால் மலையும் பனிச்சறுக்கும் இருக்கும் ஒரு மாநிலத்தின் கதையை நெடுஞ்சாலை ஓரத்து ஊருக்கு அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது. 'ஒரு டாலர் போட்டால் இத்தனை டாலர் வரும்' என்று யாராவது நகர மன்றத்தில் படம் போட்டுக் காட்டினால், அந்தக் கணக்கைச் செய்தவருக்குப் பணம் கொடுத்தது யார் என்று முதலில் கேளுங்கள்.

மாநாட்டு மையம், ஸ்டேடியம் இதற்கெல்லாம் ஹோட்டல் வரியை அடகு வைப்பது சரியா?

நிறைய நகரங்கள் செய்கின்றன. இருபது முப்பது வருடத்துக்கு வரப்போகும் ஹோட்டல் வரியைக் காட்டிக் கடன் பத்திரம் விற்பார்கள். லாஸ் வேகஸில் 2016-இல் நெவாடா சட்டமன்றம் ஓர் அமெரிக்கக் கால்பந்து ஸ்டேடியத்துக்கு 75 கோடி டாலர் ஹோட்டல் வரியிலிருந்து வருமாறு சட்டம் போட்டது. அதற்காகச் சூதாட்ட ஹோட்டல்கள் வரிசையாக நிற்கும் ஸ்ட்ரிப் பகுதியில் அறை வரி 0.88 சதவீதப் புள்ளி ஏறியது. ஸ்டேடியம் 2020-இல் திறந்தது, கோவிட் நடுவில். அறைகள் காலி. கடன் தவணையைக் கையிருப்பு நிதியிலிருந்து எடுத்துக் கட்ட வேண்டியிருந்தது. கையிருப்பு என்று ஒன்றை முன்பே வைத்திருந்ததால் சமாளித்தார்கள்.

அந்த ஒரு வருடம் எல்லோருக்கும் பாடம். 2019-இல் அமெரிக்க ஹோட்டல் அறைகள் சராசரியாக 66 சதவீதம் நிரம்பின. 2020-இல் 44 சதவீதம்தான். 2020 ஏப்ரல் மாதத்தை மட்டும் பார்த்தால் நான்கில் ஓர் அறைதான். முந்தைய வருடத்து வரவை அப்படியே செலவாக எழுதியிருந்த ஊர்கள் திண்டாடின. ஆகவே ஆறு மாதச் செலவுக்காவது கையிருப்பு வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். கட்டடத்துக்குக் கடன் வாங்கிய ஊர் என்றால் இன்னும் அதிகம் வேண்டும். அப்புறம், மாநாட்டு மையத்தைக் கட்டுவது ஒரு செலவு என்றால், நடத்துவது வேறொரு செலவு, வருடாவருடம் வரும். கட்டும்போது நாடா வெட்ட ஓடிவருபவர்கள் ஏர்கண்டிஷனர் மாற்றும் வருடத்தில் கண்ணில் படமாட்டார்கள்.

கலைக்குக் கொடுப்பது வீண் என்கிறார்களே?

சான் ஃபிரான்சிஸ்கோ 1961-இலேயே ஹோட்டல் வரி போட்டு, அதிலிருந்து கலை அமைப்புகளுக்கு மானியம் கொடுக்கத் தொடங்கியது. அந்தத் திட்டம் இன்றும் நடக்கிறது. இடையில் கலைக்கான பங்கு வரியோடு தொடர்பறுந்து போயிருந்தது. 2018 நவம்பரில் வாக்காளர்களே ஒரு தீர்மானத்தால் அதை மீண்டும் கட்டிப்போட்டார்கள். 14 சதவீத வரியில் ஒன்றரைச் சதவீதப் புள்ளி இப்போது கலை, பண்பாட்டுக்கு. ஓர் ஊருக்கு இரண்டாம் முறை வருவதற்குக் காரணம் வேண்டும். அதைக் கலை கொடுக்கும்.

ஏர்பிஎன்பி வீடுகளுக்கு இந்த வரி உண்டா?

உண்டு. டெக்சாஸில் குறுகிய கால வாடகை வீடும் சட்டப்படி ஹோட்டல்தான். சிக்கல் வசூலில். 2017 மே முதல் ஏர்பிஎன்பி டெக்சாஸ் மாநில வரியைத் தானே பிடித்துக் கட்டுகிறது. ஆனால் நகர வரிக்கு அந்தந்த நகரம் தனியாக ஒப்பந்தம் போட வேண்டும். ஒப்பந்தம் இல்லாத ஊரில் வீட்டுக்காரரே வசூலித்துக் கட்ட வேண்டும். பலருக்கு அப்படி ஒரு கடமை இருப்பதே தெரியாது. இணையப் பட்டியலையும் நகரத்தின் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே எத்தனை வீடு விடுபட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். வரியை உயர்த்துவது பற்றிப் பேசுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

இதோடு சேர்ந்த இன்னொரு ஓட்டை ஆன்லைன் முன்பதிவு. அந்த நிறுவனங்கள் ஹோட்டலிடம் குறைந்த விலைக்கு அறையை வாங்கிக் கூடுதல் விலைக்கு விற்றால், வரி எந்த விலைக்கு? டெக்சாஸின் 173 நகரங்கள் சேர்ந்து வழக்காடின. ஹோட்டலுக்குப் போய்ச்சேரும் தொகைக்கு மட்டும்தான் என்று 2017-இல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கூட்டம் ஏற்கெனவே தாங்க முடியாத ஊர்கள் என்ன செய்கின்றன?

அங்கே பட்ஜெட்டின் திசையே மாறிவிடும். ஆம்ஸ்டர்டாம் 2024-இல் வரியை 12.5 சதவீதமாக உயர்த்தியது. எடின்பரோ 2026 ஜூலை முதல் 5 சதவீதம் வசூலிக்க முடிவெடுத்தது. ஸ்காட்லாந்துச் சட்டப்படி அந்தப் பணம் சுற்றுலாப் பயணிகள் பெருமளவு பயன்படுத்தும் வசதிகளுக்குப் போக வேண்டும். ஆளைக் கூப்பிடுவதை விட, வந்தவர்களால் தேய்ந்துபோகும் ஊரைப் பராமரிப்பது அங்கே அவசரம்.

என் ஊர் இந்தப் பணத்தை என்ன செய்கிறது என்று எங்கே பார்ப்பது?

நகரத்தின் ஆண்டு பட்ஜெட் ஆவணத்தைத் திறந்து 'சிறப்பு வருவாய் நிதிகள்' பகுதிக்குப் போங்கள். டெக்சாஸ் ஊர் என்றால் ஹோட்டல் வரிக்குத் தனிப் பக்கம் இருக்கும். நகரங்கள் ஆண்டுதோறும் பிப்ரவரியில் மாநிலக் கணக்கு அதிகாரிக்கு வரி விகிதத்தையும் வசூலையும் எந்த வகைக்கு எத்தனை சதவீதம் போனது என்பதையும் தெரிவிக்க வேண்டும், அதையும் பார்க்கலாம்.

தனிப் பக்கத்தில் கடைசி வரியிலிருந்து படிக்கத் தொடங்குங்கள். ஆண்டு முடிவில் மிஞ்சிய இருப்பு அங்கே இருக்கும். மூன்று வருடத்து இருப்பைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் கரைகிறதா, சும்மா குவிந்து கிடக்கிறதா என்று தெரியும். அடுத்து 'பிற நிதிகளுக்கு மாற்றம்' என்ற வரி. அதில் தொகை இருந்தால், எதற்காக மாற்றினார்கள் என்ற விளக்கத்தைக் கேளுங்கள். பிறகு மானியம் பெற்ற அமைப்புகளின் பட்டியல். அதில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நிகழ்ச்சி முடிந்தபின் கொடுத்த அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அது பொது ஆவணம், எழுதிக் கேட்டால் தர வேண்டும். அந்த அறிக்கையில் அறை-இரவுகள் என்ற கட்டம் நிரப்பப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். காலியாக இருந்தால், நகர மன்றக் கூட்டத்தில் பொதுமக்கள் பேசுவதற்கு ஒதுக்கிய நேரத்தில் எழுந்து நின்று அந்தக் கட்டத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள்.